கம்பியைத் துடைத்துவிட்டுப் பையில் வையுங்கள்

கோல சிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் பஜனைக் குழுக்களிலும் பேஸ் கித்தார் வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கு,



உங்களில் பலருடைய வாசிப்பை மேடை ஓரத்தில் நின்று கேட்டிருக்கிறேன். கை சுத்தமாகப் போகிறது. தாளம் பிசகுவதில்லை. டிரம்ஸ்காரரின் காலைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறீர்கள். அந்தக் கவனம் எல்லோருக்கும் வந்துவிடாது. ஆனால் கூட்டத்துக்குள் கொஞ்சம் பின்னால் போய் நின்றால் நீங்கள் காணாமல் போய்விடுகிறீர்கள். 'தும் தும்' என்று நெஞ்சில் ஓர் இடி மட்டும் விழுகிறது. அது எந்தச் சுரம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒலிபெருக்கிக்காரர் கித்தாரைக் குறை சொல்கிறார். கீபோர்டுகாரர் ஆம்ப்ளிஃபையரைக் குறை சொல்கிறார். நீங்கள் பேஸ் குமிழை இன்னும் கொஞ்சம் திருகுகிறீர்கள், இடி இன்னும் கொஞ்சம் பெரிதாகிறது.

பெரும்பாலான இடங்களில் குற்றம் கம்பியில்தான் இருக்கிறது. கம்பி செத்துப்போயிருக்கிறது. கடையில் வாங்கும்போது கித்தாரோடு வந்த அதே கம்பி. அன்றிலிருந்து இன்றுவரை யாரும் அதைத் துடைத்ததுகூட இல்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு தோட்டத்துக் கோயில் பஜனைக் குழுவின் பேஸைச் சில மாதங்களுக்கு முன் கையில் எடுத்துப் பார்த்தேன். ஈ கம்பியைத் தளர்த்தி, அதன் அடிப்பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் சுரண்டினேன். நகத்தின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் களிபோல ஒன்று வந்து நின்றது. விரலில் தேய்த்துப் பார்த்தால் ஒரு பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு பக்கம் நறநறவென்று நைசான தூள். முகர்ந்தால் திருநீறும் சந்தனமும் கலந்த வாசனை. வாசிக்கும் பிள்ளைகள் பூசையில் நின்று திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, அதே விரலோடு கித்தாரைத் தூக்கியிருக்கிறார்கள். வியர்வை சேர்ந்ததும் அந்தத் தூள் குழைந்து சுற்றுகளுக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. பக்தியில் ஒரு குறையும் இல்லை. கம்பிக்கு மட்டும் அது ஆகாது.

பேஸின் நான்கு கம்பிகளும் சுற்றுக் கம்பிகள். நடுவில் ஓர் எஃகு நரம்பு. அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பி, பெரும்பாலும் நிக்கல் பூசிய எஃகு. தடித்த கம்பியில் இந்தச் சுற்று இரண்டு மூன்று அடுக்காகக்கூட இருக்கும். தாழ்ந்த சுரம் வர வேண்டுமானால் கம்பி கனமாக இருக்க வேண்டும். வெறும் எஃகையே தடியாக்கினால் விறைத்துப்போய் ஒழுங்காக அதிராது. சுற்றிவிட்டால் கனமும் கிடைக்கும், வளைந்து கொடுக்கும் தன்மையும் போகாது. சாதாரண எலெக்ட்ரிக் கித்தாரில் மேலே மூன்று கம்பிகள்தான் இப்படிச் சுற்றியவை; கீழே இருக்கும் மூன்றும் வெறுங்கம்பி, ஒரு துணியால் இழுத்தால் சுத்தம். பேஸில் தப்பிக்க ஒரு கம்பியும் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் ஒரு பள்ளம், கம்பியின் நீளம் முழுக்க நூற்றுக்கணக்கான பள்ளங்கள். அழுக்கு போய் உட்காருவது அங்கேதான்.

உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஈ கம்பியை வெறுமனே மீட்டினால் அது விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஏ 55 முறை, டி 73, ஜி 98. இது அடிச்சுரம். அதோடு சேர்ந்தே அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேலே மேலே அதிர்வுகள் எழுகின்றன. புதுக் கம்பியில் ஒரு பளபளப்பு கேட்கிறதே, அது இந்த மேல் மடங்குகள் கூட்டமாக ஒலிப்பதுதான். சுற்றுகளுக்கிடையில் அழுக்கு நிரம்பியதும் கம்பி அதிரும்போதெல்லாம் உள்ளே உரசல் ஏற்படுகிறது. அந்த உரசல் அதிர்வின் ஆற்றலைத் தின்றுவிடுகிறது. முதலில் சாவது மேல் மடங்குகள். அடிச்சுரம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் செத்த கம்பியிலும் இடி மட்டும் குறையாமல் வருகிறது.

இப்போது நம் மேடைகளை நினைத்துப் பாருங்கள். கோயில் திடலில் கம்பத்துக்குக் கம்பம் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிக்கு 41 அதிர்வெல்லாம் எட்டாத ஆழம். சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே அது பேசவே பேசாது. திருவிழாவைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்புகிறார்களே, அந்தக் குட்டி ஒலிபெருக்கிக்கும் அதே கதிதான். இருந்தும் நல்ல பேஸ் வாசிப்பு அதில்கூடக் கேட்கிறது. மேல் மடங்குகள் காதை வந்து அடைந்தால், அவற்றுக்கு அடியில் இருக்க வேண்டிய சுரத்தை மூளை தானாகவே நிரப்பிக்கொள்ளும். மனிதக் காதின் இயல்பு அது. மேல் மடங்கே இல்லாத செத்த கம்பிக்கு அந்த வழியும் அடைபட்டுப் போகிறது. மேடைக்கு முன்னால் பெரிய பெட்டி வைத்திருந்தால் இடியாவது கேட்கும். தேர் போகும் பாதையில் கூம்பைக் கட்டியிருந்தால் அதுவும் இல்லை. ஆம்ப்ளிஃபையரில் பேஸ் குமிழைத் திருகுவது ஏற்கனவே இருப்பதை மட்டும்தான் பெரிதாக்கும். கம்பியில் இல்லாததை அது கொண்டுவந்து தராது.

இதில் எனக்கு வருத்தம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நம் குழுக்கள் வாசிப்பதில் பெரும்பகுதி இளையராஜா பாடல்கள். 1976-ல் அன்னக்கிளியில் தொடங்கிய அவர், அடுத்து வந்த ஆண்டுகளில் பேஸ் கித்தாருக்கு எழுதியது தாளத்துக்குத் துணை மட்டும் இல்லை; பாடகரின் மெட்டுக்குக் கீழே தனியாக நடக்கும் இன்னொரு மெட்டு அது. மூடுபனியில் (1980) ஜேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே'யை ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். இளையராஜாவின் குழுவில் பேஸ் வாசித்த சசிதரனின் விரல் எங்கே ஏறுகிறது, எங்கே ஓர் அரை விநாடி நின்றுவிட்டு இறங்குகிறது என்பதெல்லாம் தெளிவாகக் காதில் விழும். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் அப்படித்தான். சுரம் சுரமாக எண்ணலாம். நம் பிள்ளைகள் அந்த வரிகளை உட்கார்ந்து கேட்டு, நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பழகுகிறார்கள். வேலை முடிந்து வந்த களைப்பில், நள்ளிரவு வரைக்கும். அவ்வளவு பாடுபட்டுப் படித்ததைச் செத்த கம்பியில் வாசித்தால், கேட்பவருக்கு ஒரே 'தும்'தான் போய்ச் சேருகிறது. அந்த உழைப்பு வீணாவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் ஊரின் காற்றும் கம்பிக்குச் சாதகமாக இல்லை. இரவில் ஈரப்பதம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே சாதாரணம். ஜெராம், பாசிர் பெனம்பாங், தஞ்சோங் காராங் பக்கம் கடற்காற்றோடு உப்பும் சேர்ந்து வரும். உள்ளே பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் உப்பு குறையும். பதிலுக்குச் செம்பனை லாரிகள் கிளப்பிவிடும் செம்மண் தூசி. இதற்கு மேல் நம் வியர்வை. வியர்வையில் உப்பும் உண்டு, அமிலமும் உண்டு, தோலின் எண்ணெயும் உண்டு. சிலருடைய வியர்வைக்கு அரிக்கும் தன்மை அதிகம். ஒரே வாரத்தில் கம்பியைக் கறுக்க வைத்துவிடும். உங்கள் கை அப்படிப்பட்டதென்றால் அது உங்கள் குற்றம் இல்லை, ஆனால் மற்றவர்களைவிட நீங்கள் இரண்டு மடங்கு கவனமாக இருந்தே ஆக வேண்டும். நிக்கல் பூச்சு ஃப்ரெட்டில் உரசி உரசித் தேய்ந்ததும் உள்ளே இருக்கும் எஃகு வெளியே வருகிறது. துருப்பிடிக்க அது போதும்.

ஆகவே முதல் வேலை கையைக் கழுவுவது. அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து வடை சாம்பாரோடு சாப்பிட்டுவிட்டு நேரே மேடை ஏறாதீர்கள். வெறும் தண்ணீரில் அலம்பினால் எண்ணெய் போகாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வாசியுங்கள். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தால் நடுவில் முடியைக் கோதிவிடும் பழக்கத்தை அன்று ஒருநாள் கட்டுப்படுத்துங்கள்.

இரண்டாவது, வாசித்து முடித்ததும் துடைப்பது. இந்த மடலில் ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் செய்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். பழைய பருத்தி வேட்டியிலோ பனியனிலோ கை அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, துவைத்துக் காயவைத்துக் கித்தார் பையிலேயே போட்டு வையுங்கள். கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும், கேபிளைப் பிடுங்குவதற்கு முன்பே துணியை எடுங்கள். கம்பியை மேலாகத் தடவினால் பாதி வேலைதான் ஆகும். துணியைக் கம்பிக்கு அடியில் நுழைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கம்பியைக் கவ்விப் பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து பிரிட்ஜ் வரைக்கும் அழுத்தி இழுத்து வாருங்கள். கம்பி 'கீச்' என்று கத்தும். அழுக்கு வெளியே வரும் சத்தம் அது. நான்கு கம்பிக்கும் சேர்த்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. வியர்வை ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் உப்பும் கூடவே வந்துவிடும். மறுநாள் துடைத்தால் தண்ணீர் மட்டும் காற்றில் போயிருக்கும். உப்பு பள்ளத்துக்குள் கிடக்கும்.

துடைத்த பிறகு எங்கே வைக்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். கோயில் சாமான் அறையில் எண்ணெய் டின்னுக்கும் ஊதுபத்திப் பெட்டிக்கும் நடுவில் சாத்தி வைக்காதீர்கள். மழைக்கு மூடுகிறோம் என்று பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டிவைத்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். காரின் பின்பெட்டியில் பகல் முழுக்க விட்டுவைத்தால் கம்பிக்கு மட்டும் இல்லை, கழுத்துக்கும் கேடு. பையில் நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, வீட்டுக்குள் காற்றோட்டமான சுவர் ஓரமாக வையுங்கள்.

அடிக்கடி வாசிப்பவர்கள் சில வாரத்துக்கு ஒருமுறை துணியில் ஆல்கஹால் நனைத்துத் துடைக்கலாம். மருந்துக்கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று கேட்டால் தருவார்கள். 70 விழுக்காடு போதும், அதற்கு மேல் கிடைத்தால் இன்னும் நல்லது. துணியில் நனையுங்கள், கம்பிமேல் ஊற்றாதீர்கள். ஃப்ரெட் பலகையின்மேல் ஒரு தடித்த அட்டையையோ மடித்த துணியையோ கம்பிக்கு அடியில் செருகிவிட்டுத் துடையுங்கள். ஆல்கஹால் மரத்தின் எண்ணெயை உறிஞ்சி உலர்த்திவிடும், சில வகை வார்னிஷைக் கரைத்தும்விடும்.

இங்கே நம் வீடுகளில் வழக்கமாக எடுக்கும் சில பொருள்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சிடும் என்பதால் கம்பிக்கும் புளி போட்டுப் பார்த்த பிள்ளைகள் உண்டு. பித்தளைக்குச் சரிப்பட்ட அமிலம் நிக்கலையும் எஃகையும் அரிக்கும். எலுமிச்சம்பழமும் அப்படித்தான். மண்ணெண்ணெயில் துடைத்தால் அழுக்கு போவது உண்மை. ஆனால் அது தன் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும், அடுத்த தூசி அதில் வந்து ஒட்டும். தேங்காய் எண்ணெய் தடவுவது, பூட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே அடிப்பது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். தின்னரைக் கித்தாருக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். ஒரு சொட்டு விழுந்தால் பெயின்ட் உரிந்துவிடும்.

கம்பி நன்றாகவே செத்துவிட்டது, புதுசு வாங்க இப்போது காசு இல்லை என்றால், ஊறவைப்பதுதான் வழி. நல்ல பேஸ் செட் ஒன்றின் விலை சாதாரண கித்தார் செட்டைப்போலப் பல மடங்கு. சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதில் அதை மாதாமாதம் வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். கம்பிகளைப் பொறுமையாகத் தளர்த்திக் கழற்றுங்கள். நான்கு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை எழுபது கிலோவுக்கும் மேல்; ஒன்றை மட்டும் வெடுக்கென்று விடுவிக்காமல் நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஓர் இரவு கம்பியில்லாமல் இருந்தால் கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. கழற்றியதைத் துணியால் துடைத்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குறையாமல் தளர்வாக வளையமாக்குங்கள். இறுக்கி மடித்தால் உள்ளிருக்கும் நரம்பு கோணிவிடும். மூடி இறுக்கமான அகன்ற டப்பா ஒன்றில் வைத்து, மூழ்கும் அளவுக்கு ஆல்கஹால் ஊற்றி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் மூடி போட்ட பிவிசி குழாயில் நீளமாகவே ஊறவைப்பவர்களும் உண்டு. அது இன்னும் நல்ல முறை. நடுவில் ஓரிருமுறை டப்பாவைக் குலுக்குங்கள்.

காலையில் திறந்தால் தெளிவாக இருந்த திரவம் தேயிலைச் சாயம் இறங்கியதுபோல மங்கியிருக்கும். அடியில் கறுப்பாக ஒரு படிவு கிடக்கும். கம்பியை எடுத்துச் சுத்தமான துணியில் கவ்வி இழுங்கள். துணியில் கறுப்புக் கோடு விழும். கறுப்பு வருவது நிற்கும்வரை துணியின் இடத்தை மாற்றி மாற்றி இழுங்கள். பிறகு காற்றில் தொங்கவிட்டு முழுக்க உலர்த்துங்கள். மாட்டி மீட்டிப் பார்த்தால், புதுக் கம்பியின் பளபளப்பு முழுசாக வராது. ஆனால் சுரம் சுரமாகப் பிரியும். திரவத்தை அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இதில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. ஆல்கஹாலின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், அதன் சுவாலை வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. சூடம் ஏற்றும் இடத்துக்கும் விளக்குக்கும் பக்கத்தில், கோயில் மண்டபத்தில், சிகரெட் பிடிப்பவர் அருகில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. வீட்டுக்கு வெளியே, காற்று வரும் இடத்தில் செய்யுங்கள். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும். 2018 செப்டம்பரில் நம் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்பிரிட்டை மினரல் வாட்டர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தாகத்தோடு வரும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அது வந்த டப்பாவிலேயே, மேலே பெரிய எழுத்தில் எழுதி, எட்டாத உயரத்தில் வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், மருந்துக்கடை ஐசோபுரோப்பைலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் சில வெள்ளி நல்ல செலவுதான்.

கொதிநீரில் வேகவைக்கும் முறையும் நம் பக்கம் பிரபலம். சூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இளகிப் போகும். மாட்டியதும் கம்பி புதுசுபோலவே ஒலிக்கும். அதைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். சுற்றுகளுக்கு அடியில், நரம்புக்கும் சுற்றுக்கும் நடுவில் போன தண்ணீர் அவ்வளவு எளிதில் வெளியே வராது. நம் ஊர் ஈரப்பதத்தில் அது காயவும் காயாது. சில நாளில் உள்ளிருந்தே துரு தொடங்கும். கம்பி முன்னைவிட மோசமாகச் சாகும். நாளை மறுநாள் கச்சேரி, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் செய்யுங்கள். அந்தக் கம்பிக்கு அதுதான் கடைசிக் கச்சேரி என்று தெரிந்தே செய்யுங்கள்.

ஊறவைப்பதும் முடிவில்லாமல் பலிக்காது. முதல்முறை நல்ல பலன் தெரியும், இரண்டாம் முறை அதைவிடக் குறைவு. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் முறுக்காணியில் கம்பி ஒரே இடத்தில் வளைந்து வளைந்து பலவீனமாகிறது. அதோடு, அழுக்கைக் கரைக்கலாம், தேய்மானத்தைக் கரைக்க முடியாது. கம்பியின் அடிப்பக்கத்தில், அதிகம் வாசிக்கும் ஃப்ரெட்டுகளுக்கு நேராக நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டி நின்றால் அங்கே பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். இன்னொரு சோதனையும் உண்டு. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மானிக் எழுப்புங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக நிற்க வேண்டும். முன்பு சரியாக இருந்து, பிரிட்ஜை யாரும் தொடாமலேயே இப்போது விலகுகிறது என்றால் கம்பியின் கனம் இடத்துக்கிடம் மாறிவிட்டது. டியூனர் பச்சை காட்டியும் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்தால் பாடகர் திரும்பி உங்களை முறைக்கிறாரே, அதற்கு இதுதான் காரணம். ஊறவைத்த பிறகும் சேரவில்லை என்றால் அந்தச் செட்டை விட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் படித்த பிள்ளை ஒருவர் ஜேம்ஸ் ஜேமர்சனை இழுப்பார். டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்துக்காக அறுபதுகளில் எத்தனையோ பாடல்களுக்கு பேஸ் வாசித்த மேதை. 1962 ஃபெண்டர் பிரிசிஷன் ஒன்றில் லா பெல்லா கம்பியை மாட்டிவைத்து, அறுந்தாலொழிய மாற்றவே மாட்டார் என்பது உலகறிந்த சங்கதி. உண்மைதான். ஆனால் அவர் மாட்டியிருந்தது ஃப்ளாட்வவுண்ட். அதில் சுற்றுவது உருண்டைக் கம்பி இல்லை, தட்டையான நாடா. பள்ளமே இல்லாததால் அழுக்கு இறங்க இடமும் குறைவு. அந்தக் கம்பியின் ஒலி முதல் நாளிலிருந்தே மந்தமானது. அதற்கேற்ற பாடல்களை, ஸ்டூடியோவில் நேரே மிக்ஸருக்குள் இணைப்புக் கொடுத்து அவர் பதிவு செய்தார். திடலில் கூம்பு கட்டி அவர் வாசிக்கவில்லை. பேஸை பியானோவைப்போலக் கணீரென்று ஒலிக்க வைக்க வேண்டும் என்று தேடிய தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், 1966-ல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது உருண்டைச் சுற்றுக் கம்பி. இன்று நம் கித்தார்களில் பெரும்பாலும் இருப்பது அந்த வகை. அதன் கணீர் வேண்டுமென்றால் அதைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பும் நம் தலையில்தான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. பஜனைக் குழுவில் மட்டும் வாசிப்பவர்கள், பழைய எம்.எஸ்.வி. பாடல்களை விரும்பி வாசிப்பவர்கள் ஃப்ளாட்வவுண்டை யோசிக்கலாம். விலை கூடுதல், ஆனால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஹார்மோனியத்துக்கும் தபேலாவுக்கும் பக்கத்தில் அதன் மென்மை அழகாகப் பொருந்தும். இளையராஜா, ரஹ்மான் பாடல்களை வாசிக்கும் குழுக்களுக்கு என் பரிந்துரை உருண்டைச் சுற்றுதான். அரிக்கும் வியர்வை உள்ள கைக்காரர்கள் மேலே மெல்லிய பூச்சு போட்ட கம்பியை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அது அழுக்கைப் பள்ளத்துக்குள் விடாது. ஆனால் அந்த வகையை ஆல்கஹாலில் ஊறவைக்காதீர்கள், துணியால் துடைத்தால் போதும். துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குபவர்களும் துடைத்தே ஆக வேண்டும். துரு பிடிக்காதே தவிர அழுக்கு பிடிக்கும். இணையத்தில் பாதி விலைக்கு வரும் பேர்போன செட்டுகளை நம்பாதீர்கள், போலிகள் நிறைய உலவுகின்றன.

புதுக் கம்பியை மாட்டும்போது நிறையப் பேர் அன்றே அதைக் கொன்றுவிடுகிறார்கள். நீளம் அதிகம் என்று நேராக வெட்டினால் சுற்று நழுவி, புதுக் கம்பியே செத்ததுபோல ஒலிக்கும். வெட்டும் இடத்துக்கு முன்னால் கம்பியைச் செங்குத்தாக ஒரு மடிப்பு மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். முறுக்காணியில் இரண்டு மூன்று சுற்று கீழ்நோக்கி இறங்கினால் போதும். மாட்டும்போது கம்பி தன் போக்கில் திரும்பட்டும். முறுக்கு உள்ளே நின்றுவிட்டால் சுரம் தள்ளாடும்.

கடைசியாக, இது பெரும்பாலும் குழுவின் கித்தார், உங்கள் சொந்தக் கித்தார் இல்லை. ஊர் மக்களிடம் வசூல் பண்ணி வாங்கியது. தோட்டம் கைமாறி லயத்து வீடுகள் இடிபட்டு, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போன பிறகும் கோயிலோடு தங்கிவிட்டது. எல்லோரும் வாசிக்கிறார்கள், யாரும் துடைப்பதில்லை. கித்தார் பைக்குள் ஒரு சின்ன நோட்டை வையுங்கள். கம்பி மாட்டிய தேதி, ஊறவைத்த தேதி, அன்றைக்கு வாசித்தவர் பெயர். வாசித்தவர்தான் துடைக்க வேண்டும் என்று குழுவில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆடித் திருவிழாக் கணக்குப் பார்க்கும் கூட்டத்தில், பூவுக்கும் வாழைமரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் ஒதுக்குகிறார்களே, அதோடு ஒரு செட் கம்பிக்கும் ஒதுக்கச் சொல்லித் தலைவரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம். இந்த மடலைக் காட்டியே கேளுங்கள்.

புதுக் கம்பி மாட்டினால் திருவிழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக மாட்டுங்கள். இழுபட்டு நிலைக்க அந்த நேரம் வேண்டும். கழற்றிய பழைய செட்டை வீசிவிடாதீர்கள். ஊறவைத்து உலர்த்தி, எந்தக் கம்பி எது என்று காகிதத்தில் எழுதி ஒட்டிப் பையின் பக்கவாட்டுப் பையில் வையுங்கள். பேஸ் கம்பி அறுவது அபூர்வம். ஆனால் அறுந்தால் இரவு பதினொரு மணிக்கு, சாமி ஊர்வலம் கிளம்பும் நேரத்தில்தான் அறும். அந்த நேரத்தில் கோல சிலாங்கூரில் எந்தக் கடையும் திறந்திருக்காது.

அன்புடன்,
புக்கிட் ரோத்தானிலிருந்து உங்கள் பேஸ்கார அண்ணன்